விமானியோடு ஐந்து ஆண்டுகள்

"இண்டைக்கும் அவரைப் பற்றித்தான் கதைக்கப் போறீரோ?" என்று சதீசன் மனைவியைக் கேட்டான்.

"ஓம். இண்டையோடை முடிஞ்சிடும்" என்றாள் சிவப்பிரியா, சேலை மடிப்பைச் சீர்செய்தவாறே.

மணமான இந்த ஐந்தாண்டுகளாக அந்த விமானியின் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சதீசனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு துணிவான ஆள் தெரியுமே? வேற நாட்டுச் சண்டைக்குத் தானா விரும்பிப் போனவர்."

"நானும் உமக்காகப் பேர்லினை விட்டிட்டு டிரெஸ்டனுக்குத் தானா விரும்பி வந்தனான். அதை ஆர் கதைக்கினம்?"

அன்று பிற்பகல் பல்கலைக்கழக மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்பெயின் நாட்டுப் போரில் மாண்டுபோன அவ்விமானியைப் பற்றிய ஆய்வுக்காகச் சிவப்பிரியா முனைவர் பட்டத் தேர்வில் தேறியிருந்தாள். உடன் ஆய்வாளர்கள், தங்கள் நாட்டு வழக்கப்படி, தாங்களே செய்த அட்டைத் தொப்பியை அவளுக்குச் சூட்டினர். தொப்பியின்மேல் ஈரடுக்குச் சிறகுகளோடு ஒரு சிறு விமானம். அதனுள் இரண்டு பொம்மைகள்.

"அது ஒராள் மட்டும் இருந்து ஓட்டுற விமானமெண்டெல்லோ சொன்னனீர்? பின்னாலை இருக்கிறது ஆர்?"

"நீங்கள்தான். நான்தான் இருத்தச் சொன்னனான்."

சதீசனின் முகம் மலர்ந்தது, மறுகணமே சுருங்கியது.

"அப்ப முன்னுக்கு அவரோ?"