சுல்தான் சௌக்கியம்

“இவன் கொஞ்சம் ஒல்லி. மாமா பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு” என்றான் ஸ்தாமென்.

“இத்தனை நாளாப் பார்க்காதவரு. இளைச்சுட்டான்னு சொல்லிக்கலாம்” என்றாள் அவன் அக்கா தோன்கா. “இடம் காலியா இருந்தா மட்டும் கண்டுபிடிக்க மாட்டாராக்கும்.”

இருவரும் சேர்ந்து புதியவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். அவன் விளக்குச் சூட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்ச் சுருண்டுகொண்டான். செங்கல் நிறம், முதுகு நெடுக கருஞ்சிவப்புத் திட்டுகள், விஷமில்லாத பாம்பு. சுல்தானும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தான்.

தோன்காவின் கணவர் லூபென், ருசே நகரத்து ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகுட்டி கிடையாது, சுல்தான்தான் எல்லாம். வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட அவன் கவலைதான்.

“ஃப்ரீசர்ல செத்த எலி இருக்கு. வெந்நீர்ல போட்டு எடுத்து, இடுக்கியால குடு. உயிரோட மட்டும் போட்டுடாதே. அது திருப்பிக் கடிக்கும்.”

தோன்காவுக்கு அந்த உறைந்த எலியைப் பார்த்தாலே குமட்டும். தம்பிதான் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒன்றை உயிரோடு பிடித்துவந்தான். “ஏன்க்கா, காட்டுல பாம்புக்கு யாரு வெந்நீர் வெச்சுக் குடுக்கறாங்க?” என்றான். எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சுல்தானுக்கு அது தோல் உரிக்கிற சமயம். கண் வெளுத்துப்போய், இரையில் நாட்டமே இல்லாமல் கிடந்தான். அதெல்லாம் இவர்களுக்கு எங்கே தெரிந்தது? பசித்த எலி சும்மா இருக்குமா?

அன்றைக்குத்தான் டாக்டர் தோன்காவை நடைவழிக்கு அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். இதையெல்லாம் நோயாளியிடம் சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வயிற்றுப்புண்தான், ஆறிவிட்டது என்று அவள் புருஷனிடம் சொல்லிவைத்தாள்.

வீடு திரும்பியபோது எலி மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சுல்தானின் முதுகில் அது கடித்துக் குதறிய இடத்தில் எலும்பு தெரிந்தது. மறுநாளே செத்துப்போனான். வெளியே மண் உறைந்து கல்லாகக் கிடந்ததால் புதைக்கவும் வழியில்லை. செருப்புப் பெட்டியில் வைத்து, பால்கனியில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

இருக்கப்போகிற கொஞ்ச நாளாவது அவர் எதற்கும் அழக்கூடாது. தோன்காவுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். புதியவனைத் தேடி அலைந்து வாங்கியதும் அதற்குத்தான்.

புதியவனைப் பெட்டிக்குள் இறக்கிய அன்றே மதியம் லூபென் வந்து சேர்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெட்டிக்கு முன்னால் குனிந்தார்.

“என்னடா, இளைச்சுட்டே?”

“நீங்க இல்லாத ஏக்கம். சரியாவே சாப்பிடலை” என்றாள் அவள் அவசரமாக.

“ஆளாளுக்கு இளைச்சு நிக்கறோம்” என்று சிரித்தார்.

“வெயில் வரட்டும், தேறிடுவீங்க. ஆத்துல படகு எடுத்துக்கிட்டுப் போகலாம்.”

“போகலாம், போகலாம். இப்ப ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வரேன்.”

“சிகரெட்டா மாமா?” என்றான் ஸ்தாமென்.

“புண்ணு ஆறிடுச்சே. டாக்டர்கூட வேண்டாம்னு சொல்லலையே.”

“வெளியில குளிருது. அடுப்படியிலயே பிடிங்க” என்றாள் தோன்கா.

“வீடு நாறுதுன்னு முப்பது வருஷமா என்னைத் துரத்தினவ நீ. இன்னிக்கு என்ன புதுசா?” என்றபடி பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனார்.

கதவுத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு நேரமா என்று அவள் தவித்தாள். கடைசியில் ஒரு கிண்ணம் நிறைய ஊறுகாயோடு உள்ளே வந்தார். கையெல்லாம் குளிரில் சிவந்திருந்தது.

“முட்டைக்கோஸ் இந்தத் தடவை நல்லாப் புளிச்சிருக்கு” என்றார்.

தோன்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லூபென் ஒரு சின்ன கிளாஸ் ரக்கியாச் சாராயம் குடித்தார், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார், மச்சானைக் கேலி செய்தார். தப்பித்தோம் என்று ஸ்தாமென் அக்காவுக்குக் கண் காட்டிவிட்டுக் கிளம்பினான். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அதுவும் அவருக்குத் தெரியக்கூடாதே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது லூபென் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்திருந்தார். உள்ளே இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“இங்க வா, உட்காரு” என்று அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

“நான் போனப்புறம், இவனுக்காவது உயிரோட எலி போடாதே, தோன்கா.”