கத்தரிக்கோல் எங்கே?

"அம்மா, கத்தரிக்கோல் எங்கே?" கூடத்திலிருந்து கணவன் கத்தினான்.

"அலமாரியில ரெண்டாவது தட்டு!" கட்டிலில் படுத்தபடியே மாமியார் சொன்னார்.

கல்யாணமாகி வந்த மூன்று நாளில் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடக்க முடியாத அத்தையை வீடே இப்படிப் பிடுங்கி எடுக்கிறதே! மாமனாருக்குக் கண்ணாடி, நாத்தனாருக்குக் குடை.

"நீங்களே தேடினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றபடி அவளே அலமாரியைத் திறந்தாள். தட்டு காலி.

"கிடைச்சிடுச்சும்மா!" என்று குரல் கொடுத்தவன், சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். "அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சு ஒரு வருஷமாச்சு" என்றான் மெதுவாக.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய மருமகள், வண்டிச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள்:

"அத்தை, என் சாவியப் பாத்தீங்களா?"

"ஃப்ரிட்ஜ் மேல!" கணீரென்று வந்தது பதில். "என்னைக் கேக்காம இந்த வீட்டுல ஒரு துரும்பு அசையாது!"