கெச்சப்பில் ஊறிய காசு

“வித்துடப் போறேன்” என்றார் வெர்ன், முட்டையில் மிளகைத் தூவிக்கொண்டே. “பாதிக்கு மேல வித்துடப் போறேன்.”

மார்லிஸ் அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள இந்த வீட்டில் நாணயப் பிரசங்கம்தான். அவள் கேட்கிறாளா இல்லையா என்று வெர்ன் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. பேசினால் போதும் அவருக்கு.

விஷயம் இதுதான். அந்த மின்னசோட்டா ஊரின் நாணயச் சங்கத்துத் தலைவர் போன செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “வெர்ன், உங்கிட்ட இருக்கறது கலெக்‌ஷன் இல்லப்பா, குவியல். ஏதாவது ஒரு வகையைப் பிடிச்சுக்கோ. மத்ததைத் தள்ளிவிடு.”

வெர்னுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இனிமேல் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசு மட்டும்தான் என்று முடிவு செய்தார். அவற்றை வருஷவாரியாகச் செருகி வைத்திருந்த ஆல்பத்தில் ஒரே ஒரு இடம்தான் காலி. மற்றதை விற்று, அந்த ஒரு சென்ட்டை வாங்கி நிரப்பிவிட்டால் தலைவர் வாயை அடைத்துவிடலாம்.

மேஜைமேல் ஒரு பெரிய பெட்டியை வைத்து, விற்க வேண்டியதையெல்லாம் அதில் கொட்டினார். கொட்டிய கையோடு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கவும் ஆரம்பித்தார்.

“கனடா டாலர் போகட்டும். அட, இல்லல்ல. இது அங்க தண்டர் பே ஊருக்கு மீன் பிடிக்கப் போனப்ப வாங்கினது. ஒரு ஞாபகம்.”

“இந்த ஜெர்மன் காசு?” என்றாள் மார்லிஸ்.

“பட்டாளத்துல இருந்தப்ப கிடைச்சது. ஞாபகம்.”

“தேய்ஞ்சு மொழுக்குன்னு இருக்கே, இந்த அஞ்சு சென்ட் நிக்கல்?”

“நான் முதமுதல்ல சேத்த காசு அது. அதைப் போய் விக்கறதா?”

சாயங்காலம் பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு உறை. உள்ளே கறுத்துப்போன பழைய செப்புக் காசுகள். துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றிக்கொண்டிருந்த மார்லிஸின் அப்பா, மகளின் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒன்றாகக் கொடுத்தவை. கல்யாணமானதும், பத்திரமாக இருக்கட்டும் என்று வெர்ன் வாங்கித் தன் கலெக்‌ஷனில் சேர்த்துக்கொண்டார்.

“அது என்னோடது வெர்ன்” என்றாள் மார்லிஸ். “அப்பா குடுத்தது. அதைக் குடுக்க எனக்கு மனசு வரல.”

“ஞாபகமெல்லாம் மனசுல இருந்தா போதும், மார்லிஸ். உறையில எதுக்கு? லிங்கன் வகையில இது சேராது. நாளைக்கு டெல்பர்ட் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார்.”

மார்லிஸ் உறையை எடுத்து அதன் மடிப்பைச் சரிசெய்து வைத்தாள்.

“இது ஒரு மாதிரி புது யோசனையாத்தான் இருக்கு” என்றாள்.

மின்னசோட்டாக்காரி வாயில் இதைவிடப் பெரிய வசவு வராது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் இந்நேரம் தட்டு பறந்திருக்கும். வெர்னும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனாலும் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் காசு வியாபாரி டெல்பர்ட் வந்தார். எலுமிச்சை கேக்கை மூன்று தடவை வேண்டாம் என்று மறுத்து, ஊர் வழக்கப்படி நாலாவது தடவை ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“பாருங்க, அசந்துபோவீங்க” என்று வெர்ன் உறையைக் கவிழ்த்தார்.

புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி மேஜையே பளபளத்தது. டெல்பர்ட் நிஜமாகவே அசந்துபோனார். பையிலிருந்து எடுத்த லென்ஸைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டார்.

“யாரு தேய்ச்சது?”

“நான்தான்” என்றாள் மார்லிஸ், காப்பியை ஊற்றிக்கொண்டே. “வீட்டுக்கு வர்றவங்க முன்னால கன்னங்கரேல்னு அழுக்கா எப்படி வைக்கறது? கெச்சப்புல ஊறவெச்சு, பழைய பல் பிரஷ்ஷால அழுத்தித் தேய்ச்சேன். என்னமா விட்டுடுச்சு தெரியுமா.”

வெர்ன் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தக் கறுப்புதாங்க பழைய காசுக்கு மதிப்பு” என்றார் டெல்பர்ட், துக்க வீட்டில் பேசுகிற குரலில். “நேத்து போன்ல சொன்ன மாதிரியே கறுப்பா இருந்திருந்தா, வெர்ன் கேட்ட அந்த லிங்கன் சென்ட்டையே இதுக்குப் பதிலா குடுத்திருப்பேன். இப்ப இதை எவன் தலையில கட்டறது? வேற ஏதாவது விக்கறதுக்கு வெச்சிருக்கீங்களா?”

வெர்ன் அலமாரியைப் பார்த்தார். கனடா டாலரைப் பார்த்தார். ஜெர்மன் காசு, மொழுக்கு நிக்கல் எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல” என்றார்.

டெல்பர்ட் வழிக்கு ஒரு துண்டு கேக்கோடு கிளம்பிப் போனார். கார் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த வெர்ன், நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“இத்தனை வருஷமா இதே மேஜையில உக்காந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன் மார்லிஸ். பழைய காசைத் தேய்க்கக் கூடாது, தேய்ச்சா ஒருத்தனும் வாங்க மாட்டான்னு. செவுத்துக்கிட்ட சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும். நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது காதுல வாங்கியிருக்கியா நீ?”

மார்லிஸ் அப்பாவின் காசுகளை ஒவ்வொன்றாகத் தன் பட்டன் டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

“வாங்காம என்ன வெர்ன்? அதனாலதானே தேய்ச்சேன்.”