சர்க்கரைத் தண்ணீரில் எரியும் விளக்கு

வகுப்பில் ஆசிரியை உப்புத் தண்ணீரில் பேட்டரிக் கம்பிகளை முக்கியதும் சின்ன விளக்கு எரிகிறது. எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கிச் சேர்ந்த உப்பின் அயனிகள் நீரில் பிரிந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன. எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்த அணுக்களாலான சர்க்கரை அப்படி அயனிகளாகப் பிரியாது. அதில் விளக்கு எரியக் கூடாது. ஆனால் முன்வரிசை மாணவியின் சர்க்கரைத் தண்ணீரிலும் எரிகிறது. "நான் சர்க்கரைதானே போட்டுக் கொடுத்தேன்? உப்பைக் கலந்து விளையாடுறியா?" ஆசிரியை அதட்டுகிறாள். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "சத்தியமா இல்ல மிஸ்." அப்போதுதான் ஆசிரியை தன் கையைப் பார்க்கிறாள். உப்பை அள்ளிய அதே ஈரக் கரண்டி; சர்க்கரையையும் அதில்தான் அள்ளிப் போட்டிருக்கிறாள். அதன் குழியில் இன்னும் வெள்ளைப் பரல்கள் மினுங்குகின்றன. காதுமடல் சுடுகிறது. மாணவியின் கண்ணும் கரண்டியில் ஒரு கணம் தங்கி, தாழ்கிறது. "நான்தான் கிளாஸைச் சரியா கழுவல போல, மிஸ்." "சரி, உட்காரு" என்கிறாள் ஆசிரியை, கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.