முக்காலிக்குப் புகை

நியான்சாலா முக்காலியைச் சுமந்துகொண்டு முற்றத்துக்கு வந்ததும் மேளம் நின்றது.

நியாம்வேசி இனத்துத் தச்சன் ஒருவன் ஒரே மரத்தில் குடைந்தது. முதுகு சாயும் பலகையில், வயிற்றில் கை வைத்து நிற்கும் ஒரு மனித உருவம். பரம்பரையாக அந்தக் குடும்பத்தின் தலைவன் மட்டுமே உட்கார்ந்த இருக்கை.

அதை மாமர நிழலில் மெல்ல இறக்கி வைத்தாள். ஆமணக்கெண்ணெய் பூசித் தேய்த்திருந்ததில் கன்னங்கரேலென்று மின்னியது.

இன்று அதில் உட்காரப்போகிறவர் அவளுடைய சித்தப்பா கபாயா.

அப்பா இருந்தவரை முக்காலி அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். புகை படாவிட்டால் பூச்சி அரித்துவிடும். அம்மா மிலேம்பே பச்சை விறகை ஊதி ஊதியே புகை போடுவாள். அவள் கண்கள் எப்போதும் சிவந்து கிடக்கும்.

அப்பாவைப் புதைத்த மண் காயும் முன்பே, கபாயா அந்தக் கண்களை ஊருக்குக் காட்டினார்.

"பாருங்க இவ கண்ணை. சூனியக்காரிக்குத்தான் இப்படிச் சிவக்கும். எங்க அண்ணனைத் தின்னது இவதான்."

ஏன் சிவந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்த வீடும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உராம்போ ரயில் நிலையத்தில் ஒரு விடியலில் விறைத்துக் கிடந்தாள். போர்த்தியிருந்த துணியில் அப்போதும் புகை வாசம்.

நியான்சாலா அழவில்லை. அழுதால் கண் சிவக்கும்.

முக்காலியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு வந்தது. சமையற்கட்டுக்குள் ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று.

இன்று கபாயா, தலைவனுக்குரிய சங்கு வில்லையை நெற்றியில் கட்டிக்கொண்டு வந்தார். அண்டை இனமான சுகுமாவைச் சேர்ந்த மாசன்ஜா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். அந்த முறையில், எந்தச் சடங்கிலும் கேலி பேச உரிமை உள்ளவர்.

"டேய் கபாயா, பாத்து உட்காருடா. மரம் பாவம், உங்க அண்ணன் எடைக்குப் பழகினது."

சிரிப்பு எழுந்தது. கபாயாவும் சிரித்துக்கொண்டே, முழு உடம்பையும் தளர்த்தி உட்கார்ந்தார்.

பெரிய சத்தம்கூட இல்லை. காய்ந்த மண்கட்டி போல ஒரு கால் பொடிந்தது. கபாயா மல்லாக்க விழுந்தார். சங்கு வில்லை புழுதியில் உருண்டது.

மாசன்ஜாகூடச் சிரிக்கவில்லை. முக்காலி கீழே தள்ளியவனை மறுபடி அதில் உட்காரச் சொல்வார் யாருமில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து துணியைத் தட்டிக்கொண்டார்கள்.

உடைந்த காலிலிருந்து மாவு மாவாகத் தூள் கொட்டியது. அதோடு, துளைகளை அடைத்திருந்த தேன்மெழுகு உருண்டைகளும். நியான்சாலா அவற்றைக் காலால் மண்ணுக்குள் அழுத்தினாள்.

கபாயா தரையில் கிடந்தபடியே கத்தினார். "முக்காலிக்குப் புகை போட்டியா இல்லையாடி?"

அவள் குனிந்து, முகத்தை அவருக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"என் கண்ணைப் பாருங்க சித்தப்பா. சிவந்திருக்கா?"

ஊரே எட்டிப் பார்த்தது.

பால்போல வெளுத்திருந்தன.