இரைச்சல் இல்லாத பெட்டி

உலக இசையின் போக்கையே மாற்றப்போகும் மனிதர், கணினிக் கடையின் தரையில் மண்டியிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய அவருக்கு ஒரு கணினி வேண்டும்; அதன் விசிறிச் சத்தம் மைக்கில் ஏறிவிடக் கூடாது. பிராசஸர், ராம் எல்லாம் முடிவாகிவிட்டது. மட்டமான விசிறியை முதலில் ஓடவிட்டு, வாடிக்கையாளர் முகம் சுளித்ததும் விலை கூடியதைக் காட்டுவது கடைக்காரர் வழக்கம். இப்போது ஓடுவது மட்டமானது. மேசைமேல் கிடக்கும் திருகாணிகள் அதிர்ந்து நகர்கின்றன. இசைக்காரர் கண்ணை மூடி, எல்லோரும் அடங்கும்படி ஒற்றை விரலைத் தூக்குகிறார். குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த விரல் கம்பீரமாகத்தான் இருக்கிறது. "சுத்தமான அமைதி. இதுதான் எனக்கு வேணும்" என்கிறார். கடைக்காரர் திகைத்து, ஸ்டூலில் இருக்கும் இசைக்காரரின் மனைவியைப் பார்க்கிறார். "அக்கா, இது மிக்ஸி மாதிரில்ல கத்துது?" கொஞ்ச நாளாக வீட்டில் எதையும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். கைப்பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். "அவருக்குத் தெரியாததா தம்பி? இதையே போடுங்க." அவர் கண் திறக்காமல் தலையை மெல்ல ஆட்டி, எதையோ ரசிக்கிறார். கடைக்காரரின் கைபேசி அடிக்கிறது. எடுத்தவர், எதிர்முனையில் பேசுவது காதில் விழாததால், தெருவுக்குப் போய்ப் பேசுகிறார்.