ஒரு மாத லீவு

பிரஷர் கருவியில் பாதரசம் நூற்றெண்பதில் துடித்து நின்றதைப் பார்த்ததும் ஆதிமூலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவருடைய மனைவி ரேணுகாம்பாளின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தபடி டாக்டர் ராமதாஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"போன மாசம் நூத்தம்பதுதானே இருந்தது? ஜாஸ்தியாயிருக்கே!"

"நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன் டாக்டர், அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சு இவள ஒரு வழி பண்ணாம விடாதுன்னு."

ரேணுகாம்பாள் பன்னிரண்டு வருஷமாக டிரங்க் கால் ஆபரேட்டர். போன மாதம் கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மதராசுக்கும் பெங்களூருக்கும் லைன் கேட்டுக் கத்தியவர்களிடம் எட்டு மணி நேரம் திட்டு வாங்கினாள். மறுநாள் தலைசுற்றி உட்கார்ந்தவளை ரிக்‌ஷாவில் வைத்து, இதே திருவூடல் தெரு கிளினிக்குக்கு ஆதிமூலம்தான் கூட்டி வந்தார்.

அவளுடைய அப்பா கீழ்பென்னாத்தூரில் பிரஷர் ஏறி, வாய் கோணி, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தவர். அதை நினைத்தாலே ஆதிமூலத்துக்குச் சோறு இறங்காது. மனைவி தலைசுற்றி உட்கார்ந்த அன்றைக்கே அவளை ஒரு மாத மெடிக்கல் லீவு போட வைத்துவிட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"மணி பாத்து நானே கையில குடுத்து, முழுங்கற வரைக்கும் நிக்கறேன் டாக்டர்" என்றார் ஆதிமூலம்.

"ராத்திரி தூங்கறீங்களா?"

"எங்க தூங்கறா? மூச்சு வருதான்னு நான் ரெண்டு தடவ எழுந்து லைட்டப் போட்டுப் பாக்கறேன். ரெண்டு தடவயும் முழிச்சிக்கினுதான் இருக்கா."

"மனசு படபடன்னு ஆகற மாதிரி ஏதாவது..."

"ஒண்ணும் கிடையாது டாக்டர். கூட வேலை பாக்கற பொண்ணுங்க வந்து ஆபீஸ் கதை பேசறாங்கன்னு வாசலோட அனுப்பிட்டேன். ரேடியோவக்கூட எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். நானும் லீவு போட்டுட்டுக் கூடவே இருக்கேன். இந்த ஒரு மாசத்துல ஒரு நிமிஷம் இவள தனியா விட்டதில்ல."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிற்று. ரேணுகாம்பாள் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"ராஜினாமா லெட்டர். நானே எழுதிட்டேன். நாளையோட லீவு முடியுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவா. எனக்கு இவ சம்பளம் வேணாம் டாக்டர், இவ இருந்தா போதும்."

டாக்டர் அந்தத் தாளைத் தொடவில்லை. போன மாதச் சீட்டையும் இன்றைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேலைக்குப் போனப்ப நூத்தம்பது. போகாம வீட்ல இருந்து நூத்தியெண்பது. எங்கியோ இடிக்குதே சார்?"

"மறுபடி அங்க போவணுமேன்ற பயம்தான் டாக்டர், வேற என்ன?"

"வீட்ல மாமியார், நாத்தனார்னு யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. பையன் வேலூர்ல ஹாஸ்டல்ல இருக்கான். வீட்ல நான் ஒருத்தன்தான்."

டாக்டர் இரண்டு சீட்டையும் ஓரமாக வைத்தார். இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று பட்டையை எடுத்தார். ஆதிமூலம் பதறிப்போய், பாதரசம் தெரியும்படி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்தார்.

ரேணுகாம்பாள் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"இவர கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லிட்டுப் பாருங்க டாக்டர்."